அடுத்தவர் தலையில் வேண்டுதல்

திண்டிவனத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த வேணு கோயிலில் கண்ணை மூடினால், கூட வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கண்ணைத் திறந்துகொள்வார்கள். அவன் உதடு யார் பெயரைச் சொல்கிறது என்று பார்ப்பதற்காக. ஏனென்றால் வேணு வேண்டிக்கொள்வான், சாமியும் கொடுத்துவிடும், நேர்த்திக்கடனைத் தீர்ப்பது மட்டும் வேறொருவராக இருக்கும்.

அவனுடைய அக்கா செந்தாமரைக்கு இதில் வெகுநாள் வரை பெருமைதான். விழுப்புரத்தில் தையற்காரர் வெங்கடாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். எட்டாவது வரை படிப்பு. ஒரு பாவாடைக்கு நாடா கோத்தாலும் இரண்டு முனையும் சமமாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கிற குணம். தாய் இல்லாத தம்பியைச் சோறூட்டி வளர்த்தவள் என்பதால், அவன் செய்கிற எதிலும் தன் கைவேலை தெரிவதாக நினைத்தாள். "எங்க வேணு கேட்டு சாமி இல்லன்னு சொன்னதே கெடயாது" என்று தெருக் குழாயடியில் சொல்லுவாள். "அவன் மனசு அப்பிடி" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

அந்த மனசு முதன்முதலில் வெளிப்பட்டது தொண்ணூற்று மூன்றில். ரயில்வே கேட்டுப் பக்கம் ஒரு கடை காலியானது. அதற்கு நாலைந்து பேர் போட்டி. வேணு மயிலம் முருகனிடம் போனான். கடை கிடைத்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு விழுப்புரம் வந்து, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த வெங்கடாசலத்தின் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, முருகன் குடுத்துட்டாரு. பங்குனி உத்திரத்துக்கு நீங்க காவடி எடுக்கறீங்க."

வெங்கடாசலம் மிஷினை நிறுத்தினார். "நானா? நான் எப்பப்பா வேண்டிக்கினேன்?"

"நான் வேண்டிக்கினேன். உங்க பேர்ல."

"கடை யார் பேர்ல?"

"என் பேர்ல தான் மாமா."

வெங்கடாசலம் பொண்டாட்டியைப் பார்த்தார். செந்தாமரை முருகன் படத்தைப் பார்த்தாள். சாமியிடம் ஒரு வார்த்தை போய்விட்டது. அது யார் சொன்ன வார்த்தை என்பதையெல்லாம் சாமி விசாரித்துக்கொண்டிருக்காது. பேர் எவருடையதோ அவர் வீட்டில்தான் குத்தம் வந்து நிற்கும். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். வேணுவின் தொழில் நடந்ததே அந்த நம்பிக்கையில்தான். இடுப்பு வலிக்காரரான வெங்கடாசலம் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு மயிலம் மலை ஏறினார். வேணு பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வந்தான். வெயில் கடுமை என்பதால் குடை அவன் தலைக்கு மேல் இருந்தது.

பிறகு அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியும் குடித்தான், டாக்டரிடமும் போனான், குணமானது என்னவோ வேண்டுதலால்தான் என்று முடிவு செய்தான். அதற்கு மொட்டை போட்டுக்கொண்டவள் அவன் மனைவி வடிவு. இடுப்பு வரை தொங்கிய பின்னலைக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு வந்தவளிடம் செந்தாமரை துக்கம் விசாரிக்கிற குரலில், "போனா போவுது, புருசன் பொழச்சானே" என்றாள்.

"பொழச்சவரு தலையில நாலு முடி கீதே அண்ணி, அதக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றாள் வடிவு.

நியாயமான கேள்வி. வேணுவின் தலையில் கொடுப்பதற்கு அப்போதே அதிகம் இல்லை என்பதும் உண்மை.

ஒருமுறை மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வாங்கி விற்கப்போய், மழையில் மூட்டையெல்லாம் நனைந்துவிடும் என்று இருந்தபோது, அக்காவையே வைத்து வேண்டிக்கொண்டான். மழை ஒலக்கூரோடு நின்றுவிட்டது. செந்தாமரை ஈரப்புடவையோடு கோயில் பிராகாரத்தில் உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்தாள். அதிலும் அவள் குணம் போகவில்லை. கொடிமரத்திலிருந்து தொடங்கி கொடிமரத்தில் முடிக்க வேண்டும் என்று, குறுக்கே புகுந்து முடிக்கப்பார்த்த ஒரு அம்மாளை உருண்டுகொண்டே திருத்தினாள். எழுந்தபோது தலை சுற்றியது. தம்பி சர்பத் வாங்கிக் கொடுத்தான். அதைக் குடித்துக்கொண்டே முதன்முறையாக ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏண்டா, நீயா எதயாச்சும் செய்யறேன்னு ஒரு தபா வேண்டிக்கக் கூடாதா?"

வேணு யோசிக்கவே இல்லை. "அது தப்புக்கா. கேக்கறவனே எனக்கு எனக்குன்னு எல்லாத்தயும் எடுத்துக்கினா சாமி இன்னா நெனைக்கும்? சுயநலம்னு நெனைக்காது?"

பதில் அவளுக்குச் சரியாகவே பட்டது. தலைசுற்றல் காரணமாக இருக்கலாம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. வேணுவுக்குக் கடை பெருகியது, வயிறு பெருகியது, பக்தி பெருகியது. சொந்தத்தில் மட்டும் அவனோடு கோயிலுக்குப் போகிற ஆள் குறைந்துகொண்டே வந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவன் மகள் காயத்ரிக்கு வரன் அமைந்தது. பையன் கண்டமங்கலம், புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. ஆனி மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா வந்து, காயத்ரியின் நீளப் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, "எங்க பக்கம் இப்பிடி முடியப் பாத்தே நாளாச்சி" என்று சொல்லிப் பூ வைத்துவிட்டுப் போனாள். பத்திரிகை அடித்தாயிற்று. முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, ஒலக்கூர்ப் பக்கம் இருக்கிற குலதெய்வமான ஏரிக்கரை மாரியம்மனிடம் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, வேணு மெதுவாகச் சொன்னான்.

"ஒண்ணு பாக்கி கீது. நல்ல எடமா அமைஞ்சா, தாலி ஏறதுக்கு முன்ன பொண்ணோட முழு முடியும் உனக்குத்தான்னு ஆத்தாகிட்ட சொல்லியிருந்தேன்."

வடிவு கையிலிருந்த தட்டை அப்படியே கீழே போட்டாள். காயத்ரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ அப்போதே கத்தியோடு நிற்பதைப் போல.

சேதி விழுப்புரத்துக்கு வந்தது. செந்தாமரை அன்றைக்கே திண்டிவனம் போய் இறங்கினாள்.

"முன்னயா சொன்ன? நல்லா ஞாபகம் கீதா? அப்பாலன்னு சொல்லலியா?"

"முன்னன்னுதான் வாயில வந்துச்சிக்கா."

"ஒரு வார்த்தை. அப்பாலன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா கொழந்த பொறந்தப்பறம் அது பாட்டுக்குப் போய் அடிச்சிக்கினு வந்திருக்கும். இத்தினி வருசமா வேண்டிக்கினு கீற, வாக்கியத்த ஒழுங்கா வெக்கத் தெரியல உனக்கு!"

மொட்டைத் தலையோடு ஒரு பெண் மணவறையில் உட்கார்வதை யார் ஏற்றுக்கொள்வார்கள்? வடிவு சுற்றி வளைத்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனில் கேட்டுப் பார்த்தாள். "நாங்க பூ வெச்சது தலையில. அங்க முடியே இல்லன்னா பூவ எங்க வெக்கச் சொல்றீங்க? அப்பிடி ஒண்ணு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்" என்று அந்தப் பக்கம் பதில் வந்தது. முடி போனால் கல்யாணமும் போகும் என்பது தெளிவாகிவிட்டது.

செந்தாமரை பதறாமல் ஒரு வழி சொன்னாள். பூமுடி. முழு மொட்டைக்குப் பதில் மூன்று கொத்து முடியை மட்டும் நறுக்கிச் சாமிக்குக் கொடுப்பது. எத்தனையோ பெண்கள் செய்கிறார்கள். கோயிலிலேயே வழக்கம் இருக்கிறது.

வேணு கண்ணை மூடித் தலையை ஆட்டினான். "முழு முடின்னு சொல்லிட்டு மூணு கொத்தக் காட்டி ஏமாத்தறதுக்கு ஆத்தா இன்னா பச்சக் கொழந்தயா? வாக்குன்னா வாக்குதான்."

"கல்யாணம் நின்னுடும்டா."

"நிக்காதுக்கா. அவ நடத்திக் குடுப்பா. நம்பிக்க வேணும்."

"முடி உன்துன்னா நீ நம்பு. அது அவளுது."

காயத்ரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "விடுங்கத்தே. அப்பாவுக்குத் தலை வழுக்கையானதுலேர்ந்து முடி இருக்கறவங்களக் கண்டாலே ஆவல."

வேணுவுக்கு அது கேட்கவில்லை. நம்பிக்கை உள்ளவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். வரும் வெள்ளிக்கிழமை காலையில் மொட்டை என்று சொல்லிவிட்டான்.

செந்தாமரை விழுப்புரம் திரும்பினாள். அவளுக்கும் பயம் இருந்தது. வாக்கை மீறினால் குத்தம் காயத்ரியைப் பிடிக்கும். வாக்கைக் காப்பாற்றினால் கல்யாணம் நிற்கும். மாரியம்மனோடு அவளால் சண்டை போட முடியாது. ஆனால் பேச முடியும். தம்பி பேசுகிறானே. வெள்ளிக்கிழமை திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். துணி வெட்டுவதற்கு முன்னால் நான்கு தடவை அளவு பார்ப்பவரின் பெண்டாட்டி. எந்த வார்த்தை எங்கே வர வேண்டும், எந்த இடத்தில் சந்து விடக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்தாள். பக்கத்தில் இருந்த வெங்கடாசலம், "இன்னா முணுமுணுக்கற?" என்று கேட்டார்.

"வேண்டுதல்."

"யார் பேர்ல?" என்று கேட்டுவிட்டு அவர் தோளைத் தடவிக்கொண்டார்.

கோயிலில் எல்லாம் தயாராக இருந்தது. நாவிதர் வேப்பமரத்தடியில் சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். காயத்ரி அழுது முகம் வீங்கி நின்றாள். வடிவு அவளைக் கட்டிப் பிடித்திருந்தாள். பூசாரி அப்பாதுரை கற்பூரத்தைக் கொளுத்தினார். வேணு கண்ணை மூடிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து செந்தாமரை முன்னால் வந்து, கையைக் குவித்து, வெளியே பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"தாயே மாரியாத்தா! விழுப்புரம் செந்தாமரை சொல்றேன். என் தம்பி உனக்குச் சொன்ன வாக்கு நெறவேறி, அவன் பொண்ணு காயத்ரி மொட்டத் தலையோட மணவறையில உக்காந்து, கல்யாணம் ஒரு கொறையும் இல்லாம நடந்துடுச்சின்னா, வர்ற ஆடி மாசம் உன் திருவிழாவுல, என் கூடப்பொறந்த தம்பி, பாத்திரக் கட வேணு, வேற ஆள் யாரும் இல்ல, அவனே, முதுகு நெறைய செடல் குத்திக்கினு உன் தேர இழுப்பான். ஏரிக்கரையச் சுத்தி."

செடல் என்றால் முதுகுச் சதையில் கொக்கி மாட்டிக்கொள்வது. கொக்கியில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் தேர். ஆடியில் அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வேணுவும் ஒவ்வொரு வருஷமும் முன்வரிசையில் நின்று பார்த்து, "பக்தின்னா இதான்" என்று சொல்லியிருக்கிறான்.

அவன் கண் திறந்தது.

"யக்கா! யக்கா, இரு! இன்னா சொல்லிட்ட? என்னக் கேட்டியா?"

"நீ உங்க மாமாவக் கேட்டியா?"

"கல்யாணம் பொண்ணுக்கு. என் முதுகுக்கு இன்னா சம்மந்தம்?"

"ஒன் கடைக்கும் அவரு தோளுக்கும் இருந்த சம்மந்தம்தான்."

"நீயே எதயாச்சும் செய்யறேன்னு வேண்டிக்கக் கூடாதா?"

"அது சுயநலம்டா" என்றாள் செந்தாமரை.

வெங்கடாசலம் ஆதரவாக மச்சான் முதுகில் கை வைத்தார். ஒரு தையற்காரர் துணியைத் தொட்டுப் பார்ப்பதைப் போல அழுத்திப் பார்த்து, "நல்ல சதை. தாங்கும்" என்றார். வேணு துள்ளி விலகினான். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"சீக்கிரம் வாம்மா, வெயில் ஏறுது" என்று வேப்பமரத்தடியிலிருந்து நாவிதர் குரல் கொடுத்தார்.

"நீ சும்மா இருய்யா, பேஜாரு பண்ணாத!" என்று வேணு கத்தினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பூசாரியின் பக்கம் திரும்பினான். அவன் குரல் சாஸ்திரம் கேட்கிறவனுடைய குரலாக மாறியிருந்தது.

"இந்தப் பூமுடி பூமுடின்னு ஏதோ சொல்றாங்களே... அது ஆத்தாவுக்கு ஒப்புதலா?"

அப்பாதுரை கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "வாரத்துக்கு ரெண்டு பேருக்கு வெட்டிக்கினு கீறேன். இதுவரைக்கும் ஆத்தா ஒண்ணும் சொல்லல."

"முழு முடின்னு சொல்லியிருந்தாக்கூடவா?"

"மனசுதாம்பா முழுசா இருக்கணும்."

"கேட்டியாக்கா! மனசுதான். நானும் அதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

அந்த ஒரு வாரத்தில் அவன் அதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். செந்தாமரை காயத்ரியை முன்னால் உட்கார வைத்து, பின்னலை அவிழ்த்து, எந்தக் கொத்தை எடுத்தால் வெளியே தெரியாதோ அதைத் தானே பிரித்துக் கொடுத்தாள். மூன்று கொத்து. கத்தரிக்கோல் வெங்கடாசலத்துடையது, பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மொட்டை இல்லை என்பதால் அவள் சொன்ன வாக்கும் தானாக விழுந்துவிட்டது. இருந்தாலும் எதற்கும் என்று ஆத்தாவிடம் தனியாகப் போய், அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது என்று ஒரு முறை விளக்கிவிட்டு வந்தாள். அவளுக்குப் பாக்கி வைத்துப் பழக்கமில்லை.

கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா காயத்ரியின் பின்னலில் தாழம்பூ வைத்துத் தைத்த ஜடையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். பந்தியில் வேணு இலை இலையாக நின்று உபசரித்துக்கொண்டே கதை சொன்னான்.

"மொட்டைக்கு மொத நாளு, விடிகாலம். செவப்புப் பாவாட கட்டிக்கினு ஒரு சின்னப் பொண்ணு கனவுல வர்றா. அப்பா வேணு, எனக்கு எதுக்குப்பா அத்தினி முடி, மூணு கொத்து போதும்ங்கறா. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சி."

பந்தியில் இருந்த முகையூர்க் கிழவர் ஒருவர் கண் கலங்கி, பக்கத்து இலையிலிருந்த செந்தாமரையிடம் சொன்னார்: "உன் தம்பிகிட்ட சாமி நேராப் பேசுதும்மா. எத்தினி பேருக்கு அது வாய்க்கும்?"

செந்தாமரை அப்பளத்தை உடைத்தாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் பட்டு வேட்டியில், வியர்வை வழிய, எல்லோரும் தலை நிமிர்ந்து பார்க்க நின்ற தம்பியைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

"சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்பிடித்தாங்க" என்றாள். "நான் வளத்த புள்ள."

கை கழுவுகிற இடத்தில் வடிவு வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தாள்.

"அண்ணி, இவரு ராவானா பீடியும் கையுமா கீறாரு. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். ஆத்தாகிட்ட நீங்க ஒண்ணு சொன்னா..."

செந்தாமரை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு யோசித்தாள். உதடு தன்னால் அசைந்தது. "சொல்லலாம். ஆனா வார்த்தைய நல்லாப் பாத்து வெக்கணும். பயம் மட்டும் வர்ற மாதிரி இருக்கணும். முதுகு வலிக்கக் கூடாது."

"ஏன் அண்ணி?" என்றாள் வடிவு. "கொஞ்சம் வலிச்சாத்தான் இன்னா?"