அப்ப மாவும் பல்கல அங்கியும்

அன்று மாலை எங்கள் அம்பிட்டிய வீட்டுக் குசினியில் இருந்தது மூன்று பேர்: நான், சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள், மேல்மாடியில் வாடகைக்குத் தனியாக இருக்கும் யாழ்ப்பாணத்து விஞ்ஞான டீச்சர்.

"பரீட்சை முடியுமட்டும் பிள்ளை மேல வந்து படிக்கட்டும் அக்கா. அங்கயே படுக்கலாம்," என்று கேட்கத்தான் டீச்சர் இறங்கி வந்திருந்தார்.

படியில் வழுக்கி விழுந்தால்? காய்ச்சல் வந்தால்? அதெல்லாம் வெளியே சொல்லும் சாக்கு. போனவள் மனதால் திரும்பி வராமல் போய்விடுவாளோ என்பதுதான் பயம்.

அப்ப மாவைக் கலக்கினேன். சந்திக் கடைக்கு அப்பம் சுட்டுக் கொடுப்பவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மகள் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்: "பல்கல அங்கி என்றால் பல கலங்களால், அதாவது பல உயிரணுக்களால், ஆன உயிர்." டீச்சர் முன்னால் எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"இந்த மாவுலயும் ஈஸ்ட் கோடிக்கணக்குலதானே பொங்குது. அப்ப இதுவும் பல்கலம்தான்."

மகள் சிரித்துவிட்டாள். "ஐயோ அம்மா! நீங்க எழுதினா முட்டைதான்."

டீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

"நல்ல கேள்வி அக்கா. ஈஸ்ட் எத்தினை கோடி சேர்ந்திருந்தாலும் ஒவ்வொண்டும் தன்ரபாட்டில தின்னும், தன்ரபாட்டில சீவிக்கும். அதைப் பல்கலம் எண்டு சொல்லேலாது. எங்கட உடம்பில ஒவ்வொரு கலத்துக்கும் ஒவ்வொரு வேலை. ஒண்டைப் பிரிச்சு எடுத்தா தனிய வாழாது. அதுக்குத்தான் அந்தப் பேர்."

மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசும்போது ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"சரி, கூட்டிட்டுப் போங்க," என்றேன். "சும்மா வேணாம். மாசம் ரெண்டாயிரம் தாரேன்."

"என்னக்கா, பிள்ளையிட்டக் காசு வாங்குவனே? எனக்கும் துணைதானே."

"துணைக்கு வேற ஆள் பாருங்க டீச்சர். நான் படிக்கத்தான் அனுப்புறேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று மாதம் மேலேயே படுத்தாள். இருவரும் சிரிக்கும் சத்தம் கீழே கேட்கும். கலக்கிய மாவையே திரும்பவும் கலக்குவேன். பரீட்சை முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். ஆனாலும் பின்னேரமானால் மாடிப்படிப் பக்கம்தான் பார்க்கிறாள்.

காசை எடுத்துக்கொண்டு இரண்டு தரம் மேலே போனேன். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாங்கிவிட்டால் அவர் வெறும் டீச்சர். வாங்காதவரை என் பிள்ளையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிற மாதிரியே எனக்குப் படுகிறது. சீனிப் போத்தலுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது, அவருக்குக் கொடுக்கவேண்டிய ஆறாயிரம் ரூபாய்.