மழை பொய்த்த வருஷத்துச் சவுக்கு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் பக்கம் எங்கள் மேட்டு நிலத்தில் சவுக்கு வைத்தோம். மறு வருஷமும் அதற்கடுத்ததும் மழை பொய்த்தது. நான்காம் வருஷம் வெட்ட வந்த மேஸ்திரி, "இன்னாம்மா, மரம் வெச்சியா, தொடப்பக்குச்சி வெச்சியா?" என்றார்.

"இந்த வாட்டியும் மழ இல்லன்னா நின்னே காஞ்சிப்பூடும். வெட்டிடு" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆள் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள் நான். அன்று மட்டும், "ஒரு மழ பாத்துட்டு வெட்டலாம்" என்றேன். இருவரும் சிரித்தார்கள், ஆனாலும் விட்டுவிட்டார்கள்.

ஐப்பசியில் நல்ல மழை. அடுத்த வருஷம் வெட்டியபோது மரம் பருத்திருந்தது. அடிக்கட்டையில் நடுவே நெருக்கமாகவும் வெளியே அகலமாகவும் வளையங்கள். நெருக்கமானவை காய்ந்த வருஷங்கள் என்று நினைத்துக்கொண்டேன். சவுக்கில் அப்படித் தெரியுமா என்று படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.