பறவை என்றால்

ஊரே ஒரே கூரைக்குக் கீழே வாழும் எங்கள் ஸ்க்ராங் ஆற்றுக்கரை நீள்வீட்டில் சுபாங்குக்கு இணையாக நெல் அறுக்க ஆள் கிடையாது. அவளை ஞாகாவுக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் பாக்கைப் பிளந்துவிட்டால் கல்யாணம் ஆயிற்று. மணப்படகில் அவள் தோழியாக நானும் போனேன்.

கெட்ட சகுனக் குரல் எதுவும் காதில் விழாதபடி வழிநெடுக வெண்கலக் கோங்கு மணிகளை முழக்கினார்கள். பாதி வழியில் மாப்பிள்ளையின் சித்தப்பா லுன்சா கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்கடா! புரோங்! கேளையாடு குரைச்சுது."

புரோங் என்றால் எங்கள் பேச்சில் பறவை. சிங்காலாங் புரோங் என்ற தெய்வம் தன் பெண்களைப் பறவைகளுக்குக் கட்டிக்கொடுத்ததாம். சேதி சொல்ல அந்த மருமகன்களைத்தான் அனுப்புமாம். அதனால் பறவை என்ற சொல்லே சகுனத்துக்கும் பெயராயிற்று. பிறகு சேதி கொண்டுவரும் பாம்பும் புரோங், நாய் மாதிரி குரைக்கும் கேளையாடு என்ற மானும் புரோங்.

"எனக்குக் கேக்கலையே சித்தப்பா?" என்றாள் சுபாங்.

"கல்யாணப் பொண்ணுக்கு என்ன கேக்கும்? மாப்பிள்ளை மூச்சுதான் கேக்கும்!"

சிலர் சிரித்தார்கள்.

"இத்தனை கோங்குச் சத்தத்துல உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?"

"புரோங்கையே எதிர்த்துப் பேசுறியா? உன்னைக் கட்டினா எங்க பையன் செத்துருவான்."

ஞாகா துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். படகு திரும்பியது. அறுவடைக்கு முன்பே லுன்சா தன் கொழுந்தியாள் மகளை அவனுக்குக் கட்டிவைத்தார்.

அறுவடைத் திருவிழாவுக்கு ஞாகா எங்கள் வீட்டுக்கு வந்தான். விருந்தாளிகளுக்கு அரிசிக்கள் ஊற்றிக்கொண்டு வந்த சுபாங் அவனுக்கும் ஊற்றினாள். அவன் தலை நிமிராமல் சொன்னான்: "அன்னைக்கு எனக்கும் ஒண்ணும் கேக்கல."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சித்தப்பா புரோங்னு சொல்லிட்டாரே. அதுக்கு மேல யார் பேசுவா?"

"ஆடு குரைக்கல. நீயாவது குரைச்சிருக்கலாம்."

அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கிக் கள்ளைத் தரையிடுக்கில் கொட்டினாள். விருந்தாளிக்கு அப்படிச் செய்வது எங்களிடம் பெரிய குற்றம். 'சகுனம் சரியாத்தான் சொல்லியிருக்கு' என்றார்கள் பெரியவர்கள். ஞாகா சொன்னதை நானும் கேட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அதன்பின் அவளைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. தனியாக மலைச்சரிவைத் திருத்தி விதைத்தாள். நன்றாகவே விளைந்தது. விதைப்புக் காலத்தில் அவள் எதிரே வந்தால், கெட்ட புரோங் எதிர்ப்பட்டதுபோல் பெண்கள் கூடையோடு புதருக்குள் ஒதுங்கி நிற்பார்கள். அவளும் வேகமாகத்தான் கடந்துபோவாள்.