ஊசிக்காரம்மாவின் கடைசிப் பருவம்

மக்காச்சோள ஆராய்ச்சிப் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு வரிசையின் முனையிலும் குச்சி நட்டு அட்டை கட்டியிருக்கும். அட்டையில் இங்கிலீஷ் எழுத்துதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எது எந்த வரிசை என்று ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒருநாள் காலையில் போனால், எல்லாக் குச்சியிலும் கலர் கலராக நூல் கட்டியிருந்தது. கட்டியது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. ஊசிக்காரம்மாவின் சட்டைப்பையிலிருந்து மிச்ச நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நூலின் கலரை வைத்தே வரிசையைக் கண்டுபிடித்தேன்.

ஊசிக்காரம்மா என்பது பண்ணையில் வைத்த பேர். நான் அக்கா என்பேன். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், பூஞ்சை கலந்த தண்ணீரில் ஊசியைத் தோய்த்து, கதிர் கதிராகக் குத்திக்கொண்டே போவார். பச்சையும் மஞ்சளுமாகப் பூக்கிற பூஞ்சை அது. அது பிடித்த சோளத்தில் ஒரு விஷம் ஊறும். வேகவைத்தாலும் போகாது. தின்கிற மாட்டுக்கும் மனிதருக்கும் ஈரலைக் கெடுத்துவிடும். வேண்டுமென்றே அதை ஏற்றி, எந்தச் செடி தாங்குகிறதோ அதை அடுத்த விதைக்கு எடுப்பதுதான் அங்கே வேலை.

"ஊசிக்காரம்மா வர்றாங்க, எல்லாரும் கைய நீட்டுங்கப்பா!" என்று டிராக்டர் டிரைவர் கத்துவார்.

"உன் தோலுக்கு ஊசி எறங்காது, கடப்பாரைதான் வேணும்" என்பார் அக்கா.

எல்லோரும் சிரிப்போம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. கல்யாணம் ஆகாதவர். கிடங்குக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். ஒரு தடவை தங்கை வீட்டுக்குப் போய்வந்து, தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா?"

"தங்கச்சிக்குப் பேரன் பொறந்திருக்கான். தூக்கப் போனேன். வேணாக்கா, நீ அந்த வெஷத்துல கை வைக்கிறவ, அப்படின்னுட்டா. சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்டி போனேன்."

அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று ஆண்டவனுக்குத் தெரியும்.

ஓய்வுபெறும் முன் அவருடைய கடைசிப் பருவம் வந்தது. முந்தின வருஷம் ஊசி குத்தியும் நீலநூல் கட்டிய வரிசையில் பூஞ்சை ஏறவில்லை. பல வருஷம் அவர் தன் கையாலேயே மகரந்தம் தூவி உண்டாக்கிய வரிசை அது. இன்னொரு தடவையும் தாங்கினால்தான் விதைக்கு எடுப்பார்கள், இல்லையென்றால் கழித்துவிடுவார்கள். சோதனை சரியாக நடக்கப் பயிர் தாகத்தில் தவிக்க வேண்டும். அப்போதுதான் பூஞ்சை வலுக்கும். அதனால் கதிர் விடும்போது தண்ணீரை நிறுத்திவிடுவோம். இலையெல்லாம் குழல் மாதிரி சுருண்டுகொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணையில் யாரும் இல்லை. புதிதாக வந்த வாட்ச்மேனுக்கு மனசு கேட்கவில்லை. வால்வைத் திறந்து வயல் நிறையத் தண்ணீர் விட்டுவிட்டார். மறுநாள் செடியெல்லாம் நிமிர்ந்து நின்றது. அவர் சிரித்த முகமாக எதிரே வந்தார்.

"பாத்தீங்களாம்மா, எப்படி உசுரு வந்துருச்சு! உங்க ஆளுங்க மறந்துட்டாங்க போல. பச்சப்புள்ள மாதிரி வாடிக் கெடந்துச்சு."

அக்கா ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"ஆமாண்ணே, பாக்க முடியாதுதான்" என்றார். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் அன்று முழுக்க ஊசி குத்தினார்.

பயந்தபடியே ஆயிற்று. அறுவடையில் எல்லா வரிசையும் சுத்தமாக வந்தது, வருஷா வருஷம் பூத்துப்போகிற நோஞ்சான் ரகம்கூட. எது தாங்கியது, எது தண்ணீரால் தப்பித்தது என்று பிரிக்க வழியில்லை. பண்ணை அதிகாரி நீலநூலைக் கழித்துவிடலாம் என்றார். யாரிடமும் எதுவும் கேட்டறியாத அக்கா அன்று அவர் மேசை முன்னால் போய் நின்றார்.

"இன்னும் ஒரே ஒரு தடவ போடுங்க சார். நான் இல்லேன்னாலும் இவ குத்துவா" என்று என்னைக் காட்டினார். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அக்கா ஓய்வுபெற்றுத் தங்கை ஊருக்குப் போனார். அடுத்த பருவம் நான்தான் குத்தினேன். வாட்ச்மேன் வால்வுப் பக்கமே போகவில்லை. கதிரை உரித்தபோது அக்கம்பக்கமெல்லாம் பச்சைப் பொடி பூத்திருந்தது. அந்த வரிசை மட்டும் பளிச்சென்று இருந்தது. வயலிலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தது தங்கை.

"அக்கா போன மாசமே தவறிப் போயிட்டாங்களே. யாருக்குச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல" என்றார்.

போனைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது, அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில். ஒரு பெட்டி, ஒரு பை, அவ்வளவுதான் சாமான். படியில் ஏறி நின்றுகொண்டு சொன்னார்:

"கதிர உரிச்சதும் எனக்குச் சொல்லு. நல்லா இருந்தாலும் சொல்லு, பூத்திருந்தாலும் சொல்லு. நான் மனசு ஒடஞ்சிடுவேன்னு பொய் சொல்லாத. சும்மா இருந்துடாத, என்ன? அந்தச் சாக்குலயாவது எனக்கு ஒரு போன் வரும்ல?"