பார்கோடு இல்லாத மூன்று பெட்டிகள்

லியாவ் தியென்ஃபு எங்கள் ஊராட்சி நூலகத்துக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய இடுப்பு. இருபத்தொரு வருஷம் குப்பை லாரியின் பின்படியில் நின்றவர். யாரோ தெருவில் போட்டிருந்த மழையில் ஊறிய மெத்தையை ஒற்றை ஆளாகத் தூக்கப் போய் முதுகெலும்பில் ஒரு வட்டு விலகிவிட்டது. இனி பாரம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். நிரந்தர ஊழியரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஊராட்சி அலுவலகம் அவருக்கு ஒரு நாற்காலியைத் தேடியது. காலியாக இருந்த நாற்காலி எங்கள் நூலகத்தில் இருந்தது.

அந்த நாற்காலிக்கு நான் எட்டு வருஷமாகக் காத்திருந்தேன். நான் ஒப்பந்த ஊழியர். வருஷா வருஷம் டிசம்பரில் கையெழுத்துப் போட்டால்தான் ஜனவரியில் வேலை. குழந்தைகள் பகுதி, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, கழிப்பறைச் சாவி எல்லாம் என் பொறுப்பு.

பண்பாட்டுப் பிரிவுத் தலைவர் ஹுவாங் அவரைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

"இனிமே இவருதான் இங்க நிர்வாகி. யுன்ஷான், நீ எல்லாத்தையும் சொல்லிக் குடு."

"எதைச் சொல்லிக் குடுக்கணும் சார்? எழுத்து வரிசையா, புத்தக வரிசையா?"

ஹுவாங் முறைத்தார். தியென்ஃபு சிரித்தார். இடுப்பில் கட்டிய அகலப் பட்டை சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

"ரெண்டுமே சொல்லிக் குடும்மா. எனக்குத் தெருப் பேருங்க மட்டும்தான் வரிசையா தெரியும்."

ஊரில் எல்லாரும் அவரை ஃபு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பல மாதம் வரை லியாவ் சார் என்றே கூப்பிட்டேன். மரியாதையால் அல்ல.

அவருக்கு உட்காரத் தெரியவில்லை. காலையில் வந்ததும் ஜன்னல்களைத் துடைப்பார். நூலகச் சுவரில் பத்து வருஷமாக ஒட்டியிருந்த தேர்தல் சுவரொட்டியின் பசையைச் சுரண்டி எடுத்தார். பேப்பர் படிக்க வரும் கிழவர்களுக்கு வெந்நீர் வைத்தார். புத்தகத்தைத் தொடுவதற்கு மட்டும் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொள்வார்.

மார்ச் மாதம் மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. மாடியில் ஒழுகும் சேமிப்பறையைக் காலி செய்யச் சொன்னார் ஹுவாங். அங்கே மூன்று அட்டைப்பெட்டிகளில் மெல்லிய புத்தகங்கள் கிடந்தன. வகுப்புப் படங்கள் போட்ட தொடக்கப் பள்ளி நிறைவு மலர்கள், கடலம்மன் கோயில் திருப்பணி மலர்கள், மீனவர் சங்கத்தின் உருட்டச்சு ஆண்டறிக்கைகள். ஓரங்களில் பூஞ்சை.

"இதை என்ன பண்றது யுன்ஷான்?" என்று தியென்ஃபு கீழே வந்து கேட்டார்.

நான் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பார்கோடு இருக்கா?"

"இல்லையே."

"பார்கோடு இல்லாதது நூலகத்துப் பொருளே இல்ல. போடுங்க."

அவர் போட்டார். பழைய தோழர்கள் செவ்வாய்க்கிழமை லாரியோடு வந்தபோது பழைய காகிதத்தோடு ஏற்றிவிட்டார்.

ஏப்ரலில் தாய்ச்சுங் நகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நூலகப் படிப்பு படிக்காமலே நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி. ஆறு திங்கட்கிழமைகள். திங்கள்தான் எங்களுக்கு விடுமுறை என்பதால் யாருமே போக விரும்பாத பயிற்சி அது. எனக்கு மூன்று வருஷம் தொடர்ந்து அழைப்பு வந்தது. மூன்று வருஷமும் துணி துவைக்கணும் என்று தட்டிக் கழித்தேன். இந்த முறை கடிதத்தை அப்படியே அவர் பக்கம் நகர்த்திவிட்டேன்.

"பாடம் நடத்துவாங்களா?" என்று கேட்டார். "நடுவுல எந்திரிச்சு நிக்கலாமா? இடுப்பு பிடிச்சுக்கும்."

முதல் திங்கள் அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் பெய்ஜென் அக்கா. நான்தோவ் மலைப்பக்கத்தில் ஒரு நூலகத்தைத் தனியாளாக நடத்துகிறவர். முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒவ்வொருவரும் எழுந்து பெயர், ஊர், இதற்கு முன் என்ன வேலை என்று சொல்ல வேண்டும். மழலையர் பள்ளி ஆசிரியை, வரி அலுவலக எழுத்தர், பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த பெண் என்று வரிசையாக வந்தது. இவர் முறை வந்ததும் எழுந்து, "லியாவ் தியென்ஃபு. குப்பை லாரி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நகைச்சுவைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தார்களாம்.

இடைவேளையில் எல்லாரும் பெயரட்டை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் ஊராட்சி அவருக்கு அட்டை அச்சடித்துத் தரவில்லை. சுவரோரம் நின்று சாப்பாட்டுப் பெட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெய்ஜென் அக்கா பக்கத்தில் போய், "நீங்க ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடுறீங்க? யாராவது துரத்தினாங்களா?" என்று கேட்டார்.

"இடுப்புங்க."

"அட்டை குடுங்க."

"இல்லீங்களே."

அக்கா அவருடைய சாப்பாட்டுப் பெட்டி மூடியைப் பிடுங்கிப் பேனாவை நீட்டினார். "இதுல எழுதுங்க. பேரு, நம்பர். எண்ணெய் படாத பக்கமா எழுதுங்க."

அப்படித்தான் அவர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். செவ்வாய்க்கிழமைகளில் எனக்குப் புதுப்புது சேதிகள் கொண்டுவந்தார். ஒருவர் நூலகத்தில் பூனை குட்டி போட்டது. இன்னொருவர் நூலகத்தில் குடை இரவல் கொடுக்கிறார்கள். மலைப்பக்கத்தில் சனிக்கிழமை மட்டும் பயிர் நோய்க்கு ஆலோசனை சொல்ல ஆள் வருகிறார். நான் உம் கொட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது. இதெல்லாம் நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவை.

நான்காம் திங்கள் பாடம், உள்ளூர்ச் சேகரிப்பு. பாடம் எடுத்தவர் கோ என்ற பேராசிரியை. திரையில் படம் படமாகக் காட்டினாராம். பள்ளி நிறைவு மலர், கோயில் மலர், சங்க அறிக்கை. "நாவலு போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். இது போனா போனதுதான். தேசிய நூலகத்துலகூடக் கிடைக்காது. உங்க சேமிப்பறையில போய்ப் பாருங்க" என்றார்.

அதன்பின் ஐந்தைந்து பேராக வட்டம் போட்டு, தங்கள் நூலகத்தில் என்ன இருக்கிறது என்று பேசச் சொன்னார். தியென்ஃபு எழுந்து நின்றார். இடுப்புவலி என்றுதான் பெய்ஜென் அக்கா நினைத்தாராம். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எங்க ஊர்ல மூணு பெட்டி இருந்துச்சு. மார்ச் மாசம் நான் குப்பையில போட்டுட்டேன்."

பக்கத்து வட்டமும் திரும்பிப் பார்த்தது.

"நான் குப்பைக்காரன். எதை எடுக்கணும், எதை எடுக்கக் கூடாதுன்னு இருபத்தொரு வருஷம் பாத்துப் பாத்து வேலை செஞ்சவன். எனக்கே தெரியல பாருங்க."

யார் சொல்லிப் போட்டீர்கள் என்று பேராசிரியை கேட்டாராம். "யாரும் சொல்லல. நானேதான்" என்றாராம்.

இந்த வரியை பெய்ஜென் அக்கா பிறகு எனக்குச் சொன்னபோது கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஆனால் அது பின்னால்.

மறுநாள் செவ்வாய். தியென்ஃபு நூலகத்துக்கு வராமல் நேரே காகிதம் பிரிக்கும் கொட்டகைக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு வந்தார்.

"ஆலைக்குப் போயிடுச்சாம். அப்பவே கூழாயிருக்கும்."

"எது?"

"அந்த மூணு பெட்டி."

பிறகு எல்லாம் சொன்னார், நான் சொன்ன பார்கோடு வார்த்தையைத் தவிர. அதை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அன்று மாலையே பயிற்சிக்காரர்களின் கைபேசிக் குழுவில் பெய்ஜென் அக்கா எழுதினார்: எல்லாரும் அவரவர் அலமாரியைப் பாருங்கள், ஃபு அண்ணன் ஊர் சம்பந்தப்பட்டது ஒரு தாள் இருந்தாலும் சொல்லுங்கள். முதல் நாளில் சிரித்த வரி அலுவலகக்காரர்தான் முதலில் பதில் போட்டார். அவர் நூலகத்தில் எங்கள் கோயில் மலர் இரண்டு இருந்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் கல்யாணமாகிப் போனபோது கொண்டுபோயிருக்கிறாள். மாவட்ட நூலகத்தில் ஐந்து. பெய்ஜென் அக்கா நூலகத்தில் எதுவுமே இல்லை. அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டது எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது.

மீதிக்கு என்ன வழி? தியென்ஃபுவுக்குத் தெரிந்த ஒரே வழி லாரி. சாயங்காலம் குப்பை லாரி வருவதை அறிவிக்கும் பாட்டு கேட்டால் ஊரில் எந்த வீடாக இருந்தாலும் ஒரு ஆள் பையோடு வெளியே வந்தாக வேண்டும். பழைய தோழர், ஓட்டுநர் ஆஷுயிடம் போய் நின்றார்.

"முன் சீட்டுல உக்காந்துக்கறேன். எதையும் தூக்க மாட்டேன். கேக்க மட்டும் செய்வேன்."

"நூலக நிர்வாகி குப்பை வண்டியிலயா? ஹுவாங் பாத்தா என்னைத் தூக்கிப் பின்னால போட்டுருவான்டா."

"பாக்கட்டும்."

இரண்டு வாரம் போனார். நானும் இரண்டாம் நாளிலிருந்து போனேன், ஸ்கூட்டரில் பின்னாலேயே. ஏன் வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

தெருவில் கேலிக்குக் குறைவில்லை. "ஃபு, போட்டதைத் திருப்பிக் கேக்குற மொத குப்பைக்காரன் நீதான்டா!" "எம் புருஷனோட பள்ளி மலரு இருக்கு, புருஷனையும் சேத்து எடுத்துக்கிறியா?" அவர் எல்லாருக்கும் சிரித்தபடி ஒரே பதில்தான் சொன்னார்: "மலரு மட்டும் போதும்."

ஆனால் கொடுக்க யாரும் முன்வரவில்லை. சிப்பி உடைக்கும் ஷு-யிங் என்ற பெண் தன் பள்ளி மலரை எடுத்துவந்து காட்டினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காட்டினாள். அந்த வகுப்புப் படத்தில் இருக்கும் அவள் தம்பி கடலில் போய்த் திரும்பாதவன்.

"நூலகத்துக்குக் குடுத்தா பத்திரமா இருக்கும்" என்றார் தியென்ஃபு.

"பத்திரமாவா? நீதான குப்பையில போட்ட?"

அவர் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைச் சாலையில் லாரியிலேயே உட்கார்ந்து பெய்ஜென் அக்காவை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார், எனக்கும் கேட்டது.

"ஏங்க, குடுன்னு கேட்டா யாரு குடுப்பா? நீங்க குடுப்பீங்களா?" என்றார் அக்கா. "நம்ம வேலையே இரவல் குடுக்கிறதுதான. இந்தத் தடவை நீங்க இரவல் வாங்குங்க. அவங்க வீட்டுக்கே ஸ்கேனரைத் தூக்கிட்டுப் போங்க. ஐயோ, தூக்காதீங்க, யாரையாவது தூக்கச் சொல்லுங்க."

ஸ்கேனரை நான் தூக்கினேன். ஷு-யிங் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், சிப்பி வாடையோடு, ஒவ்வொரு பக்கமாக எடுத்தோம். ஒவ்வொரு முகத்துக்கும் அவள் பெயர் சொன்னாள், நான் எழுதினேன். அவள் கண்முன்னாலேயே மலரைத் திருப்பிக் கொடுத்தார் தியென்ஃபு. மறுநாள் அவளே மூன்று வீடுகளைக் கூட்டிவந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பெய்ஜென் அக்கா எங்கள் ஊருக்கு வந்தபோதுதான், நாங்கள் இருவரும் தேநீர்க் கடையில் இருக்கையில், "யாரும் சொல்லல, நானேதான்" என்று தியென்ஃபு வகுப்பில் சொன்னதை எனக்குச் சொன்னார். அக்காவுக்கு உள்விவரம் தெரியாது. நான் நூலகத்துக்கு ஓடினேன். அவர் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபு அண்ணே, அன்னிக்கு நான்தான போடச் சொன்னேன். அதை ஏன் அங்க சொல்லல?"

"நீ வாயால சொன்ன. நான்தான தூக்கிப் போட்டேன்."

"அது சரியில்லண்ணே."

"டிசம்பர்ல உனக்குக் கையெழுத்து வரணும்ல? எனக்கு யாரு என்ன பண்ணிட முடியும்?" என்று துணியைப் பிழிந்தார். அண்ணன் என்று முதல்முறை கூப்பிட்டதை இருவருமே கவனிக்காத மாதிரி இருந்துவிட்டோம்.

ஆறாம் திங்கள் வகுப்பு முடிந்ததும் அவர் நடந்ததை எழுதி ஊராட்சிக்குக் கொடுத்தார். அதற்கு ஒரு எழுத்துபூர்வக் கண்டனம் வந்து அவர் கோப்பில் ஏறியது. என் பெயரையும் சேர்க்கச் சொல்லி நான் ஹுவாங்கிடம் போனேன். "ஒரு காகிதம் போதும்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு ஏமாற்றமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. அதில் நிம்மதிதான் அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று பெட்டியில் எத்தனை இருந்தன என்று யாருக்குமே தெரியாது. பட்டியல் கிடையாது. எங்களுக்குத் திரும்பக் கிடைத்தவை முப்பத்தெட்டு, பெரும்பாலும் நகல்கள். மீனவர் சங்க அறிக்கையில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதில் எந்தப் படகு எந்த வருஷம் போனது என்று இருந்ததாகச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். அன்று முழுக்க தியென்ஃபு சாப்பிடவில்லை.

அடுத்த வசந்தத்தில் பயிற்சிக் கடிதம் வந்தபோது என் பெயரை நானே எழுதி அனுப்பினேன். அவர் ஒரு தாளில் எனக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். எந்த வாசலில் இறங்கினால் மழையில் நனைய வேண்டாம், எந்தச் சாப்பாட்டுப் பெட்டியில் மீன் நன்றாக இருக்காது, யாரிடம் எதைக் கேட்கலாம். பெயர்கள் மட்டுமே இருபத்தாறு. உள்ளூர்ச் சேகரிப்புப் பாடத்தன்று பேராசிரியை கோ அவரையே பேசக் கூப்பிட்டிருந்தார். இருபது நிமிஷம் கொடுத்தார்கள். ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். கேள்வி கேட்க முதலில் கை தூக்கியது நான்தான்.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய வகுப்புக்காரர்கள் பதினோரு பேர் ஒரு வேனில் எங்கள் ஊருக்கு வந்தார்கள். ஷு-யிங் வீட்டில் சிப்பிக் கஞ்சி. சாப்பிட்டு முடித்து நூலகத்துக்கு வந்ததும் தியென்ஃபு உள்ளூர்ச் சேகரிப்பு அலமாரியைத் திறந்து காட்டினார். பெய்ஜென் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"ஃபு, இந்த வரிசை எண் எல்லாமே தப்பு."

"எல்லாமேவா?"

"மேல் தட்டு முழுக்க. யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"நீங்கதான்க்கா."

பதினோரு பேரும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்கள். வரி அலுவலகக்காரர் பழைய சீட்டுகளை நகத்தால் உரித்தார். வரலாறு படித்த பெண் எண்ணைப் படிக்க, நான் எழுதினேன். தியென்ஃபு நடுவில் நின்றுகொண்டு, எதையும் தூக்க விடாததற்காக எல்லாரையும் திட்டிக்கொண்டே, புதுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினார்.