பூனைக்குட்டி மேல் போட்ட பழி

அந்தப் பூனைக்குட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வரும். பாசமெல்லாம் அதற்குப் பிறகு.

அதைக் கொண்டுவந்தது மாமன், அம்மையின் தம்பி. மலையாள ராஜ்யத்தில் கிடந்த எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த காலம். அமரவிளையில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டி வந்தவன், சட்டைக்குள்ளிருந்து ஒரு சாம்பல்நிறக் குட்டியை எடுத்து என் மடியில் போட்டான். மறுநாளே போலீஸ் அவனைத் தேட ஆரம்பித்தது. மாமன் எல்லை தாண்டித் திருநெல்வேலிக்குப் போய்விட்டான் என்று அம்மை சொன்னாள். பிடிபட்டவர்களை ஸ்டேஷனில் வைத்து எலும்பு நொறுங்க அடிக்கிறார்கள் என்று பெரியவர்கள் குசுகுசுத்ததை நானும் கேட்டிருந்தேன். அவன் போனது நல்லது என்றே நினைத்தேன். குட்டிதான் என் தலையில் விழுந்தது.

எங்கள் வீடு ஓர் அறை, ஓர் அடுக்களை. அடுக்களைக்கு மேலே மரச்சீனிக்கிழங்கு வற்றல் போட்டுவைக்கும் பரண். அவ்வளவுதான். அதற்குள் அந்தக் குட்டி எத்தனை இடம் கண்டுபிடித்தது! அடுப்புச் சாம்பலில் போனது. பல் தேய்க்கிற உமிக்கரிச் சட்டியில் போனது. அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுக்க மடித்துவைத்திருந்த பாலராமபுரம் வேட்டியில், மடிப்புக்கு நடுவில் பார்த்துப் போனது. அன்றைக்கு அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறுக்குள் அது ஒழுங்கு படிக்காவிட்டால், சாக்கில் கட்டி நெய்யாற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவாராம். தண்ணீர் தாண்டிய பூனைக்குத் திரும்ப வழி தெரியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

உடைந்த மீன்சட்டியில் ஆற்றுமணல் நிறைத்து அடுக்களை மூலையில் வைத்தேன். குட்டி கஞ்சி நக்கி முடித்ததும் தூக்கிப்போய்ச் சட்டியில் வைப்பேன். அதன் முன்காலைப் பிடித்து மணலைப் பறிக்கக் கற்றுக்கொடுப்பேன். அது என்னை மேலும் கீழும் பார்க்கும். பிறகு சாவகாசமாக இறங்கி, கட்டிலுக்கு அடியில் போய்க் காரியத்தை முடித்துவிட்டு, வெறும் தரையைப் பறண்டிப் பறண்டி இல்லாத மண்ணால் மூடும். நான் தலையில் அடித்துக்கொண்டு துணியும் தண்ணீருமாக அதன் பின்னால் போவேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்ப்பாடு சொல்லித்தந்த வாத்தியாரின் கஷ்டம் அந்த வாரம்தான் எனக்குப் புரிந்தது.

கடைசியில் அதற்குப் புத்தி வந்தது, ஆனால் சட்டியில் இல்லை. மரச்சீனி நடுவதற்காக அப்பா முற்றத்துக்கு அப்பால் மண்ணைக் கொத்திக் குவித்திருந்தார். அந்தப் புதுமண் அதற்குப் பிடித்துப்போயிற்று. முட்டினால் கதவைப் பறண்டும்; திறந்துவிட்டால் ஓடிப்போய் ஒரு குவியலில் குந்தும்; மூடிவிட்டு மரியாதையாகத் திரும்பி வரும். ஞாயிறுக்கு முன்பே ஜெயித்துவிட்டேன் என்று அம்மையிடம் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

அம்மை சந்தோஷப்படவே இல்லை. நான் கழுவிக் கவிழ்த்த மணல்சட்டியை மறுபடி எடுத்து மூலையில் வைத்தாள். இனி அதை நான் தொடக்கூடாது என்றாள். விடியும் முன்னே அவளே அதை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வருவாள். கொட்ட அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், வாயை மூடிக்கொண்டு கிட என்பாள். வீட்டிலோ நாற்றம் குறையவே இல்லை. கிணற்றடியில் யார் மூக்கைச் சுளித்தாலும், எங்கள் பூனை மாதிரி கேடுகெட்ட பூனை உண்டா என்று அம்மை தானாகவே ஆரம்பித்துவிடுவாள். சாக்கு, அக்கரை என்ற பேச்சையே அப்பா விட்டுவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் பாடுபட்டுப் படிப்பித்த குட்டிக்கு இப்படி ஒரு பேரா!

ஒரு மத்தியானம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஒருவர் வெளியே வைக்கோலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் அடுக்களைக்குள் வந்து நின்று, மூக்கை உறிஞ்சி, மெல்லப் பரணை அண்ணாந்து பார்த்தார். என்ன இது நாற்றம் என்று மலையாளத்தில் கேட்டார்.

"பூனைக்குட்டியாக்கும் சாரே. அடிச்சாலும் படிக்காது. வீடு பூராவும் போய் வைக்குது," என்றாள் அம்மை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்ல சாரே, அது எப்பவோ படிச்சாச்சு. மரச்சீனி மூட்டுலதான் போவும். உள்ள போறது எங்க பூனை இல்ல."

அம்மையின் விரல்கள் என் தோளில் பதிந்தன. போலீஸ்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"பின்னெ ஆராணு?"

பின்னே யார் என்று அவர் கேட்டதும் நானும் அம்மையின் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து, பூட்ஸ் சத்தத்தில் மிரண்டுபோய்க் கட்டிலடியில் கிடந்த குட்டி பாய்ந்து வந்து, போக வழியில்லாமல், அவர் காலடியிலேயே குந்தியது. வயிறு இளகிவிட்டது போல. பூட்ஸ் மேலேயே தெறித்தது. அவர் துள்ளி விலகி, எங்கள் குலத்தையே திட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கழுவிவிட்டு அப்படியே போய்விட்டார்கள்.

எனக்கு மானமே போயிற்று. அத்தனை நாள் பாடும் ஒரு நிமிஷத்தில் வீண், அதுவும் போலீஸ்காரர் முன்னால். தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மையும் உட்கார்ந்து அழுதாள், நடுவில் சிரித்தாள். பிறகு எழுந்து, எங்களுக்கென்று வைத்திருந்த சாளைக் கறியிலிருந்து ஒரு முழு மீனை எடுத்து அந்தக் குட்டிக்கு வைத்தாள். தப்புச் செய்ததற்கு மீன்! இனி அது எப்படி உருப்படும் என்று நான் கத்தினேன்.

தேடுதல் ஓய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் மாமன் திருநெல்வேலியிலிருந்து வந்துவிட்டான் என்றார்கள். தாடியும் மெலிந்த உடம்புமாக, வெயிலே படாத மாதிரி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அந்நியரைக் கண்டால் சீறுகிற குட்டி நேரே போய் அவன் மடியில் ஏறிச் சுருண்டது. அவன் தாடைக்குக் கீழே சொறிய, அது கண்ணை மூடிக்கொண்டது.

"நல்லா வளத்திருக்க மக்கா," என்றான் மாமன்.

அத்தனை நாளும் அவன் எங்கள் பரணில்தான் கிடந்தான், நான் தூங்கிய பிறகு மட்டுமே இறங்கிவரும் அவனுக்கு அந்த மணல்சட்டிதான் கதி, பேச்சுத்துணை அந்தக் குட்டி மட்டும் என்பதெல்லாம், மாமன் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எங்கள் தாலுகா சேராமலே எல்லை போட்டு முடிந்து, நான் பெரியவளான பிறகுதான் அம்மை சொன்னாள். அன்றைக்கு எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. கஞ்சி வைத்தது நான், தரை துடைத்தது நான், அழுததும் நான். எங்கேயோ திருநெல்வேலியில் இருந்துவிட்டு வந்தவன் மடியில் போய் அது படுத்திருக்கிறது. நன்றிகெட்ட ஜென்மம் என்று சொல்லி, இரண்டு நாள் அதனோடு நான் பேசவில்லை.