நம்பர்க்காரர் ஒட்டிய படம்

எங்கள் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள். கூடத்துச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட மரச்சட்டத்துக்குள் இருக்கிறது. ஒரு ஏரி, கரையில் ஒரு கொன்றை மரம், படுத்திருக்கும் ஒரு காளை, ஒரு சின்ன ரயில் ஸ்டேஷன், ஸ்டேஷன் வாசலிலிருந்து வளைந்து வளைந்து போகும் ஒரு மண் சாலை. அந்தச் சாலையில் நமக்கு முதுகைக் காட்டியபடி குடையோடு நடந்து போகும் ஒரு ஆள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் அது தீட்டின படம் இல்லை, ஒட்டின படம் என்று தெரியும். உடனே, "எதுல சார் பண்ணினது?" என்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். ஏரி, தேயிலைப் பெட்டிக்குள் வரும் ஈயத்தாள். மேகம், இன்ஜின்காரர்கள் கை துடைத்துப் போட்ட பஞ்சு. ஸ்டேஷன் கூரை, தீப்பெட்டிப் பக்கங்கள். கொன்றைப் பூ, டிக்கெட்டில் ஓட்டை போடும்போது கீழே விழுகிற மஞ்சள் துணுக்கு. சூரியன், பார்சலுக்கு வைக்கும் சிவப்பு அரக்கு. சாலையைப் பற்றி மட்டும் நானாகச் சொல்வதில்லை. யாராவது விடாமல் கேட்டால், "ஏதோ பழுப்புக் காகிதம்" என்று சொல்லிவிட்டு, காபி வந்துவிட்டதா என்று உள்ளே பார்ப்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆவடிப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் நான் கூட்ஸ் கிளார்க்காக இருந்தேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இதைப் படித்துவிட்டு வம்புக்கு வருவார்கள். பனையும் பொட்டலுமாகக் கிடந்த இடத்தில் பட்டாளத்துக்கென்று தனித் தண்டவாளம் போட்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். சாமான் இறங்கிப் போன பிறகு தண்டவாளத்து ஓரமெல்லாம் உடைந்த பெட்டிப் பலகை, சாக்குக் கிழிசல், வைக்கோல், தகரப் பட்டை, வர்ணம் காய்ந்த டப்பா என்று குப்பை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். ஊரில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தபோது, அங்கே மட்டும் எல்லாமே வந்து எல்லாமே வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குப்பையில் குனிந்து குனிந்து நடந்தவர்தான் எங்கள் நம்பர்க்காரர்.

வந்து நிற்கும் ஒவ்வொரு வேகனின் நம்பரையும் நோட்டில் எழுதி ஸ்டேஷனில் கொடுப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பித்தான் போன காக்கிக் கோட்டு, காதிடுக்கில் ஊதா மைப் பென்சில், தோளில் ஒரு துணிப்பை. கொரட்டூர் ஏரியோரத்துக் குடியானவக் குடும்பம். அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுக்கொண்ட பிறகு இவர் பங்குக்கு வந்த நிலத்தில் ஒரு மாட்டைக் கட்டலாம், அவ்வளவுதான். காது மந்தமான மனைவி, புருஷனை இழந்த தங்கை, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் என்று ஏழு பேர் அவர் ஒருவருடைய வேலையை நம்பிச் சாப்பிட்டார்கள். வேலையில் புலி. கொளுத்துகிற வெயிலில் ஐம்பது வேகன் நீளம் நடந்து எழுதிக்கொண்டு வந்தாலும் ஒரு எண் பிசகாது. காலையில் வரும்போது ஒட்டிப்போயிருக்கும் அந்தத் துணிப்பை, சாயங்காலம் கொரட்டூருக்கு ரயில் ஏறும்போது மட்டும் உப்பியிருக்கும்.

சந்தேகம் என்னுடன் கூடப் பிறந்தது. கடையில் நிறுத்து வாங்கிய பருப்பை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பார்ப்பேன். பால்காரன் செம்பைக் கவிழ்த்துக் காட்டினால்தான் பால் வாங்குவேன். சித்திரை வெயிலிலும் குடை இல்லாமல் வெளியே போனதில்லை. வானத்தை மட்டும் நம்பிவிட முடியுமா? ஸ்டேஷனில் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் குடைக்காரர் என்பார்கள். நம்பர்க்காரர் மட்டும் நேரிலேயே, "இன்னா நைனா, கொட தூங்குதா?" என்று கேட்பார். அந்தக் கேலிகூட எனக்கு உறுத்தும். இவ்வளவு சிரிக்கிற மனுஷனிடம் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் பார்சல்கள் குறைய ஆரம்பித்தன. அரக்கு உடைந்த பெட்டிகள் வந்தன. பால் டின் குறைந்தது, கம்பளி குறைந்தது, ஒரு பெட்டியில் பூட்ஸ் எல்லாம் இடது காலாகவே இருந்தது. இனிமேல் எந்தக் கிளார்க் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டானோ அவனே பொறுப்பு என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கையெழுத்துப் போடுகிறவன் நான். என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வேப்பம்பட்டில் வாடகைக்கு இருந்தோம். வேலை போனால் திரும்பிப் போக எங்களுக்கு ஒரு இடமும் இல்லை. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அவசரமாக ஒரு திருடன் தேவைப்பட்டான்.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனபோது, ஆணியில் மாட்டியிருந்த பையைத் திறந்து பார்த்தேன். அரக்குத் துண்டுகள் ஒரு கை நிறைய இருந்தன. அப்போதே எனக்கு வியர்த்துவிட்டது. கீழே மடித்து வைத்த ஈயத்தாள், துணி மூட்டையிலிருந்து கிழித்த யானை படம் போட்ட லேபிள், ஒரு சிகரெட் டப்பாவுக்குள் டிக்கெட் துணுக்குகள். நோட்டைப் புரட்டினேன். வேகன் நம்பர்களுக்கு நடுவே சில இடங்களில் வளைவு வளைவாகக் கோடுகள், அம்புக்குறிகள். எந்த வேகனை உடைக்கலாம் என்று கூட்டாளிகளுக்குக் குறி போட்டுக் கொடுக்கிறான் என்று முடிவுகட்டினேன். மறுநாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "பையில் என்ன அண்ணாத்தே, கனமா இருக்கே?" என்று கேட்டேன். அவர் கூச்சப்படவே இல்லை. "கீழ கெடந்தது நைனா. காசு குடுத்து வாங்கின சாமான் நாம சொன்னத கேக்கும். பொறுக்கின சாமான் அப்டி இல்ல, அது இன்னாவா ஆவணும்னு அதுவே சொல்லும்" என்றார். பிறகு சிரித்தார். திருடுவதிலும் என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி அக்கம்பக்கம் போயிருந்தபோது, மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். என் கையெழுத்து ஸ்டேஷனில் எல்லாருக்கும் பழக்கம் என்பதால் இடது கையால் எழுதினேன். வெள்ளைத்தாள் கூடாது என்று பார்சல் சுற்றி வந்த பழுப்புக் காகிதம், பேனா கூடாது என்று ஊதா மைப் பென்சில். 'கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து, அவர் பை, அரக்கு, நோட்டுக் குறிகள் எல்லாவற்றையும் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எழுத்தெல்லாம் குடித்தவன் நடை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எங்கள் ஊர்த் தபால் பெட்டியில் போடாமல், ஆவடி வரைக்கும் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். பட்டாளத்துச் சாமான் விஷயம், வேலை மட்டும் போகாது, ஜெயிலும் உண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

பத்து நாளில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். நம்பர்க்காரர் வீட்டைச் சோதனை போட வேண்டும் என்றார். யார் கூடப் போவது என்ற பேச்சு வந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கைகாட்டினார். பார்சல் சாமான் எது, குப்பை எது என்று அடையாளம் சொல்ல என்னைவிட யார் இருக்கிறார்கள்? குடையை எடுத்துக்கொண்டேன். மத்தியான வண்டியில் மூன்று பேரும் கொரட்டூர் போனோம். நம்பர்க்காரர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். பயத்தில் துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். ஆனாலும், "இந்தப் பக்கம் நெழலா கீது, இங்க ஒக்காரு நைனா, உனுக்கு வெயிலு ஆவாது" என்று தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். இவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அந்த நிமிஷத்தில்தான் முதன்முதலாக நினைத்தேன்.

ஓட்டு வீடு, ஒரே அறை. உள்ளே நுழைந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார். நாலு சுவரிலும் படங்கள். சட்டம் கிடையாது, பெட்டிப் பலகையில் ஒட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். செங்கல் பொடியும் கரித்தூளும் தூவின ஏரிக்கரை, சாக்கு நூலைப் பிரித்துச் செய்த நாற்றங்கால், உடைந்த சிக்னல் கண்ணாடியில் மீன்கொத்தி, லேபிள் யானை ஊர்வலம் போகிற ஒரு திருவிழா. மூலையில் ஒரு சட்டியில் புளியங்கொட்டைப் பசை, பூச்சி அரிக்காமலிருக்கத் மயில்துத்தம் கலந்து நீலமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக விரல் வைத்து, "இது ஏதுய்யா?" என்பார். நம்பர்க்காரர் அது எந்த இடத்தில் கிடந்தது என்று சொல்வார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்ப்பார். "குப்பைதான் சார்" என்று நான் சொல்ல வேண்டும். முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அரக்கும் குப்பைதான். முறைப்படி பிரித்த பார்சல்களிலிருந்து நான் பெருக்கித் தள்ளச் சொன்ன அரக்கு அது. எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நோட்டிலிருந்த கோடுகள் என்ன என்று இன்ஸ்பெக்டர் கடைசியாகக் கேட்டார். "துரு சார்" என்றார் நம்பர்க்காரர். "வண்டில துரு புட்சிருக்கும் பாருங்க, ஒண்ணு மாடு படுத்துகினு கீற மாதிரி இருக்கும், ஒண்ணு பொம்பள கொடம் தூக்கிகினு போற மாதிரி இருக்கும். ஊட்டுக்கு வந்தா மறந்துடும்னு வரஞ்சி வெச்சிக்குவேன்." சொல்லிக்கொண்டே ஒரு படத்தைக் காட்டினார். அந்தக் கோடுகளேதான், காளையாகப் படுத்திருந்தன. அவர் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். நடப்பது எதுவும் காதில் விழாமல், படம் பார்க்க வந்த பெரிய மனிதர்கள் என்று நினைத்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மோரை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, "உனக்கு வேண்டாதவன் எவனோ எழுதியிருக்கான், நீயே வெச்சுக்கோ" என்று அவரிடம் கொடுத்துவிட்டார். நான் செருப்பைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டேன். நம்பர்க்காரர் அதைப் படித்தாரா என்று தெரியாது. இரண்டு பக்கமும் திருப்பினார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார். "பேப்பர் நல்லா கீது சார்" என்று மட்டும் சொல்லி, மடித்து மாடத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு அங்கே நான் நிம்மதியாக வேலை பார்த்த நாள் ஒன்றுகூட இல்லை. வழியில் வேறெங்கோ பெட்டிகளை உடைத்த கும்பல் பிடிபட்டு என் பயம் தீர்ந்துவிட்டது. அவர் மேல் இருந்த சந்தேகமும் தீர்ந்தது. இப்போது சந்தேகமெல்லாம் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதில் வந்து நின்றது. அவர் கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தால் ஏன் கொடுக்கிறார் என்று யோசிப்பேன். குழந்தை பிறந்ததும் சாக்கு நூலில் ஒரு கிளி செய்து அனுப்பினார். அதை ஒரு வாரம் தொட்டிலில் கட்டவிடாமல் பரண்மேல் போட்டு வைத்தேன். கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை அவர் பக்கத்தில் போய் நின்று, வேகன் நம்பரைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஒரு ஐப்பசிக் காற்றில் என் குடை கிழிந்து போனது. "அந்தத் துணிய தூக்கிப் போடாத நைனா, எனுக்குக் குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுத்துவிட்டு அன்று ராத்திரி முழுக்க எதற்காகக் கேட்டார் என்று புரண்டுகொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்த கையோடு எனக்கு மாற்றல் வந்தது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை, போய்விடுவான் என்ற பேச்சு மட்டும் பலமாக இருந்தது. நான் ரயில் ஏறுகிற அன்று நம்பர்க்காரர் சாக்கில் சுற்றிய ஒரு பலகையைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "ஊட்ல மாட்டு நைனா. வெயிலு படாத எடமா பாத்து மாட்டு, சாயம் போய்டும்" என்றார். வண்டி நகர்ந்ததும் பிரித்தேன். இந்தப் படம்தான். குடை என் கிழிந்த குடைத்துணி, அப்படியென்றால் குடைக்குக் கீழே நடப்பவன் நான். அவன் காலுக்குக் கீழே சாலை பழுப்பாக, வண்டித் தடம் விழுந்தது போல ஊதாக் கோடுகளோடு போனது. பசையின் ஈரத்தில் மை கசிந்து எழுத்தெல்லாம் கலைந்துவிட்டிருந்தது. ஸ்டேஷன் வாசலுக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு பக்கமாகச் சாய்ந்த 'சமூகத்துக்கு' தெளிவாக இருந்தது.

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. கொரட்டூர் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இறங்கினதில்லை. ஓய்வு பெற்று அம்பத்தூரில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் இறங்கவில்லை. காகிதத்தை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்த எதையும் வீணாக்காத மனுஷர், நல்ல காகிதம், மண் நிறம், சாலைக்கு ஆயிற்று, எழுதினவன் யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, நீங்க குடையை வலது கையிலதானே பிடிப்பீங்க? இவர் இடது கையில பிடிச்சிருக்காரே" என்றாள். எழுந்து போய்ப் பார்த்தேன். நாற்பது வருஷமாகச் சாலையை மட்டுமே பார்த்திருக்கிறேன். "அவசரத்துல கை மாத்தி ஒட்டிட்டார் போல" என்றேன். "இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் துணியை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு வேகன் நம்பரைக்கூடத் தப்பாக எழுதி நான் பார்த்ததில்லை.